சாயங்காலம் நாலு மணிக்கு யாரும் விழுவதில்லை

பிசியோதெரபிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் என்னை வந்து பேசச் சொன்னீர்கள். நேரில் வந்தால் நிச்சயம் யாரையாவது திட்டிவிடுவேன். வேலையிலிருந்துதான் ஓய்வு, வாய்க்கு இல்லை என்று வீட்டில் ஏற்கெனவே புகார் இருக்கிறது. அதனால் எழுதித் தருகிறேன். வயதானவர்களின் சமநிலையை எப்படிச் சோதிப்பது என்று சொல்லித்தரப் போவதில்லை. நாற்காலியிலிருந்து எழுப்பி, மூன்று மீட்டர் நடக்கவைத்து, திருப்பி உட்காரவைப்பது, ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி ஸ்டாப்வாட்சைப் பார்ப்பது, இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். இதையெல்லாம் ஒரு குறையும் இல்லாமல் செய்துவிட்டு நான் பண்ணிய ஒரு தப்பைத்தான் சொல்லப்போகிறேன்.

'கீழே விழும் ஆபத்து குறைவு' என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒருவர், பதினோராம் நாள் விழுந்தார்.

கொச்சி மட்டாஞ்சேரியில், இஞ்சி மிளகு கிடங்குகளுக்குப் பின்னால், தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஒரு தெரு. அங்கே ஒரு மாமி. எழுபத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம்: 'வா'. பசித்தாலும் வா, வலித்தாலும் வா, கோபம் வந்தாலும் வா. காலை எட்டு மணிக்கு வைப்பின் தீவிலிருந்து ஜங்கார் படகு பிடித்து மேரி சேச்சி வருவார். மாமாவைக் குளிப்பாட்டித் துணி மாற்றி, சாயங்காலம்வரை இருந்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் மாமி ஒருத்திதான்.

மகன் கணேஷ் பெங்களூரில். கோயம்புத்தூரில் முதியோருக்கான நல்ல இடம் ஒன்று பார்த்து வைத்திருந்தான். ஆனால் அங்கே படுக்கையில் இருப்பவர்களுக்குத் தனிக் கட்டடம், நடமாடுகிறவர்களுக்குத் தனிக் கட்டடம். மாமா ஒரு பக்கம், மாமி ஒரு பக்கம். "பகல்ல எப்ப வேணாலும் போய்ப் பார்க்கலாம்மா" என்று அவன் சொன்னதற்கு மாமி, "இவர் கண்ணத் தொறந்தா என்னைக் காணணும். இல்லேன்னா ஒரு வாரம் தாங்க மாட்டார்" என்று சொல்லி, அதற்குமேல் பேச மறுத்துவிட்டார். கடைசியில் அம்மாவும் பிள்ளையும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். யாராவது விவரம் தெரிந்தவர் வந்து மாமியைச் சோதிக்கட்டும். மாமி விழுந்துவிட மாட்டார் என்று எழுதிக் கொடுத்தால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் கோயம்புத்தூர். அந்த விவரம் தெரிந்தவர் நான்.

நேரம் குறிக்க ஃபோன் செய்தேன். மாமி சொன்னார்: "காலம்பர வேண்டாம், கேட்டேளா. பத்து மணி வரைக்கும் மடியா இருப்பேன். சாயங்காலம் நாலு மணிக்கு வாங்கோ."

மடி என்றால் உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். விடியற்காலையில் குளித்து, யார் கையும் படாமல் காயவைத்த துணியை உடுத்திக்கொண்டு, பூஜையும் சமையலும் முடிகிற வரை யாரையும் தொடாமல், யாரும் தன்னைத் தொடாமல் இருப்பது. பெற்ற பிள்ளையே தொட்டாலும் போயிற்று, மறுபடி குளிக்க வேண்டும்.

எனக்கு அந்தச் சொல் நன்றாகவே தெரியும். எங்கள் குடும்பம் போர்ட் கொச்சியில் துணி வெளுக்கும் குடும்பம். சின்ன வயதில் அம்மாவோடு மூட்டை சுமந்துகொண்டு இந்தத் தெருவுக்கு வந்திருக்கிறேன். அம்மா பாடுபட்டுத் தேய்த்து மடித்த துணியை வாசல்படியில் வைத்துவிட்டு நாங்கள் தள்ளி நிற்போம். உள்ளேயிருந்து ஒருவர் வந்து அதன்மேல் ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு எடுத்துக்கொண்டு போவார். தேய்த்த மடிப்பெல்லாம் நனைந்து போகும். எனக்கு வயிறு எரியும். அம்மா, "வாய மூடிக்கிட்டு வாடி" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பார்.

அதனால் மாமி 'மடி' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. "சரி, நாலு மணிக்கே வர்றேன்" என்று வெடுக்கென்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். காலையில் என்னென்ன செய்வீர்கள், யார் கூட இருப்பார்கள், எதைப் பிடித்துக்கொள்வீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். வேறு யாராவது 'காலையில் வராதீர்கள்' என்று சொல்லியிருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். இங்கே ரோஷம் தடுத்தது. நேரத்தைத் தீர்மானித்தது என் படிப்பு அல்ல, என் கோபம். முதல் தப்பு இதுதான்.

நாலு மணிக்குப் போனேன். மாமி பளிச்சென்று புடவை கட்டிக்கொண்டு, பரீட்சைக்குத் தயாரான முதல் மாணவி மாதிரி நின்றார். நடை சுத்தம். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் நிற்கிறார், வாயால் விநாடியும் எண்ணுகிறார். என் வாட்சைவிட அவர் எண்ணிக்கை சரியாக இருந்தது. "பிளாக்போர்டுக்கு முன்னால நின்னே உறைச்சு உரமேறின காலாக்கும் இது" என்று சிரித்தார். படுக்கவைத்து, எழுப்பி, ரத்த அழுத்தம் பார்த்தேன். அதிலும் குறையில்லை.

"ஒரு வருஷத்துல எப்பவாவது விழுந்தீங்களா மாமி?"

"ஏய், இல்லை இல்லை."

அந்த நேரத்தில்தான் பக்கத்து அறையிலிருந்து மாமா "வா! வா!" என்று கத்தினார். போய்ப் பார்த்தோம். இடது கையைத் தூக்கி மேலே காட்டிக்கொண்டிருந்தார். மேரி சேச்சி, "ஃபேன்தான் மேடம், தினமும் இதுதான்" என்றபடி சுவிட்சைப் போட்டார். மாமா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். மறுபடி கையைத் தூக்கினார். சேச்சி விசிறியைக் கூட்டிவைத்தார். மாமா கண்ணீர்விட்டு அழ ஆரம்பித்துவிட்டார். பக்கவாதம் வந்தவர்கள் காரணமில்லாமல் அழுவதுண்டு என்று எனக்குத் தெரியும். அதற்கு நம் புத்தகத்தில் ஒரு பெயரே இருக்கிறது. பெயர் தெரிந்துவிட்டதால் நான் காரணம் தேடவில்லை. சேச்சிக்கும் விளக்கமாக எடுத்துச் சொன்னேன், பெரிய மேதாவி மாதிரி.

ஆபத்து குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாமி அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, மாமாவின் தலைமாட்டில் இருந்த அலமாரியில் பத்திரமாக வைத்தார். கணேஷ் ஃபோனில் நன்றி சொன்னான்.

பதினோராம் நாள் காலை எட்டு மணிக்கு ஃபோன். மேரி சேச்சிதான். "மேடம், மாமி வீணு! ஒண்ணு வேகம் வரணே!" மாமி விழுந்துவிட்டார் என்று புரிந்த நொடியில் வண்டிச் சாவியை எடுத்தேன். ஸ்கூட்டரில் போகும்போது அவருக்கு என்ன ஆயிற்றோ என்று நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். நான் போட்ட கையெழுத்தைத்தான் நினைத்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. உங்களுக்கும் ஒருநாள் அப்படி நினைக்க வரும், அதனால் சொல்கிறேன்.

நல்லவேளை, இடுப்பெலும்பு தப்பியது. வலது மணிக்கட்டில் விரிசல். பின்மண்டையில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். ஸ்கேனில் மூளைக்கு ஒன்றுமில்லை. "குளிமுறில வழுக்கித்து" என்று, குளியலறையில் வழுக்கியதாக, மாமி எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னார், ஒரு வார்த்தைகூட மாறாமல்.

அன்று சாயங்காலமே கணேஷ் வந்துவிட்டான். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. என் கடிதத்தை என் முன்னால் மேசைமேல் வைத்தான்.

"நீங்க எழுதிக் குடுத்ததை நம்பித்தான் நான் சும்மா இருந்தேன். சனிக்கிழமை காலைல கார் வருது. அந்த ஹோம்ல புதுசா ஒரு ரிப்போர்ட் கேக்கறாங்க. விழற ஆபத்து ஜாஸ்தின்னு எழுதிக் குடுங்க. இந்தத் தடவை தப்பா இருக்காது இல்லையா?"

எழுதிக் கொடுத்திருந்தால் என்னை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்பது மகன், கட்டுப்போட்ட கை சாட்சி. ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் 'ஆபத்து அதிகம்' என்று எழுதிக்கொண்டே போவது நம் தொழிலில் ரொம்ப சுலபம். நம் பெயர் தப்பிக்கும். அந்த ஒரு வரியால் யாரோ ஒருவர் தன் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போகப்படுவார், நாம் அதைப் பார்க்கப் போவதில்லை. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

பின்மண்டை வீக்கம்தான் என்னை நிறுத்தியது. மறுநாள் போய்க் குளியலறையைப் பார்த்தேன். மகன் போன வருஷமே பிடிமானக் கம்பி போட்டிருந்தான். தரை சொரசொரப்பான கல். வெறுங்காலோடு நின்று வழுக்கிப் பார்த்தேன், வழுக்கவில்லை. போதாததற்கு, அந்தக் குளியலறையில் மல்லாந்து விழ இடமே கிடையாது. சுவர்தான் முதுகைத் தாங்கும். மேரி சேச்சியிடம் தனியாகக் கேட்டேன், மாமி எங்கே விழுந்து கிடந்தார் என்று. சேச்சி வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "கூடத்துலதான் மேடம். சொல்லக்கூடாதுன்னு மாமி சத்தியம் வாங்கிட்டாங்க" என்றார்.

கூடத்தின் நடுவில் நின்று பார்த்தேன். வழுக்க ஒன்றுமில்லை, தடுக்க ஒன்றுமில்லை. அப்போது அறையிலிருந்து மாமா, "வா! வா!" சேச்சி சுவிட்சுக்குக் கையை நீட்டினார். "நில்லுங்க சேச்சி" என்றேன். மாமாவின் கட்டிலருகே மண்டியிட்டு, என் தலையை அவருடைய தலையணைக்குச் சமமாகச் சாய்த்து, அந்த விரல் போன வழியே பார்த்தேன்.

விசிறி அவருக்கு நேர் மேலே இருந்தது. அவர் விரல் சாய்வாக, திறந்த கதவைத் தாண்டிக் கூடத்தைக் காட்டியது. கூடத்தின் உத்தரத்தை ஒட்டி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு மூங்கில். அதில் காய்கிற ஒன்பது கஜப் புடவை. கீழே சுவரோரம் சாத்திவைத்த நீளமான கம்பு ஒன்று. அதுதான் மடிக்கொடி. போகிற வருகிற யாரும் தெரியாமல்கூட உரசிவிடக் கூடாது என்று அவ்வளவு உயரத்தில் கட்டியிருப்பார்கள். கம்பால்தான் துணியைப் போடுவதும் எடுப்பதும்.

கொடியைப் பற்றி எனக்கா தெரியாது? கொடிக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள் நான். நாள் முழுக்க அண்ணாந்து துணி போட்டுவிட்டு, "தலை கிறுகிறுங்குதுடி, செத்த பிடி" என்று அம்மா என் தோளைப் பிடித்துக்கொள்வார். மாமி யாருடைய தோளைப் பிடிப்பார்? அந்த நேரத்தில் மனிதரைத் தொடக் கூடாது. எல்லோர் கையும் பட்ட கதவு, சுவர், நாற்காலி எதையும் தொட மாட்டார். இரண்டு கையிலும் கம்பு, ஈரக் கால், அண்ணாந்த தலை. நான் நாலு மணிக்கு வந்து தலை நிமிர்ந்து நடக்கச் சொல்லி மார்க் போட்டேன். ஒருமுறைகூட மேலே பார்க்கச் சொல்லவில்லை. படுக்கையில் கிடந்த மனுஷர் மட்டும் தினம் தினம் அந்தக் கூத்தைப் பார்த்து, எங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நாங்கள் விசிறியைப் போட்டோம்.

மாமியிடம் போனேன். "மேல பாருங்க மாமி."

"பின்மண்டை வலிக்கறது. இப்போ முடியாது."

"சரி, அந்தத் துணிய எப்படி எடுப்பீங்கன்னு காட்டுங்க."

"இப்போ எப்படித் தொடறது? நான் விழுப்பு, அது மடித்துணி. காலம்பர குளிச்சுட்டுத்தான்." மடி கலைந்த நிலைக்குத்தான் விழுப்பு என்று பெயர். சொல்லிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கணேஷுக்கும் விளங்கிவிட்டது. "அம்மா, இந்த மடியெல்லாம் உனக்குத் தேவையா? டீச்சரா இருந்தப்போ இப்படியா இருந்தே? இன்னியோட விடு."

மாமியின் குரல் அப்போதுதான் முதல் முறையாக உடைந்தது. "இவர் எழுந்து உக்காரற வரைக்கும் ஒரு நாள் விடாம மடியா பூஜை பண்றேன்னு நேந்துண்டிருக்கேன்டா. கை ஒடிஞ்சும் இன்னிக்குக் காலம்பர பண்ணினேன். நான் விட்டு, இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

எனக்கு அந்த நேர்த்திக்கடனில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த அம்மாவை நிமிர்த்தி வைத்திருப்பது அதுதான் என்று கண்ணால் பார்த்தேன். கணேஷைத் தனியே கூப்பிட்டு, "எனக்கு ஒரு காலை நேரம் வேணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை. பார்த்துட்டு எழுதறேன். பாக்காம எதையும் எழுத மாட்டேன்" என்றேன்.

"நீங்க பார்த்துண்டிருக்கும்போதே அம்மா விழுந்தா?"

நியாயமான கேள்வி. ராத்திரி முழுக்க அது என்னைத் தூங்கவிடவில்லை. விழுவார் என்று தெரிந்தே ஒருவரை நிற்கவைத்துப் பார்ப்பது சோதனையா, பாவமா?

விடியும் முன்பே போய்விட்டேன். பின்னால் ஒரு மெத்தை விரிக்கலாமா என்றேன். "பஞ்சு மெத்தை விழுப்பு. அது இங்க வராது" என்றார் மாமி. நான் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளலாமா? அதற்கு மாமி கணக்கு டீச்சர் மாதிரியே விதி போட்டார்:

"விழுந்தாப் பிடிங்கோ. விழலேன்னா தொடாதேங்கோ."

கேட்பதற்கு எளிது. ஆடுவது எந்த இடத்தில் விழுவதாக மாறுகிறது? நம் தொழில் முழுக்க அந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கிறது. நான் அதற்கு அந்தக் கூடத்தில், தொடாத தூரத்தில் நின்றபடி, ஒரு நொடிக்குள் பதில் சொல்லவேண்டியிருந்தது.

கணேஷ் வாசல் அறையில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். மாமா விழித்திருந்தார், கண் கொட்டாமல் எங்களையே பார்த்துக்கொண்டு. மாமி ஈரப் புடவையோடு வந்தார். கட்டுப்போட்ட கையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருந்தார். கைகளை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு, எதன்மேலும் பட்டுவிடாமல், ஒவ்வொரு கதவையும் விலகி விலகி நடந்தார். நாலு மணிக்கு நான் பார்த்த நடையே அல்ல அது. வேறு யாரோ நடப்பதுபோல இருந்தது. இடது கையால் கம்பை எடுத்தார். நான் அவருக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி நின்றேன்.

அண்ணாந்தார். கம்பு மேலே போனது. ஒன்பது கஜம் லேசில் வராது. ஒரு தடவை தள்ளினார், நகரவில்லை. இரண்டாம் தடவை இன்னும் அண்ணாந்தார். கம்பு நின்றுவிட்டது. மாமியின் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது. குதிகால் பக்கம் பாரம் போவதைப் பார்த்தேன். கால் விரல்கள் தரையை விட்டு லேசாக எழும்பின.

என் கை எழுந்தது. எழுந்து, பாதியில் நின்றது.

ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். வாசல்படியில் தள்ளி நின்ற அந்தச் சின்னப் பெண்தான் நின்றாள். தொட்டுவிட்டு, இது விழுகை இல்லை, வெறும் ஆட்டம்தான் என்றாகிவிட்டால்? எத்தனை வருஷம் வேலை செய்தவள் நான், எத்தனை பேரைத் தாங்கியிருக்கிறேன்! அந்த இடத்தில் என் கைக்கு வேலை மறந்துபோனது.

"வா!"

மாமா கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். அந்த ஒரு சத்தத்தில் என் கால் நகர்ந்தது. இரண்டு கையாலும் மாமியின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தேன். முழுப் பாரமும் என்மேல் வந்து விழுந்தது. கம்பு தடாலென்று தரையில் விழுந்து உருண்டது. இரண்டு பேரும் அப்படியே மெல்ல உட்கார்ந்தோம். ஈரப் புடவையோடு என் மடியில் கிடந்தார் மாமி. அவர் இதயம் என் கையில் அடித்தது. கண்கள் இரண்டும் பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் பாதி விஷயம் விளங்கிவிட்டது. காதுக்குள் இருக்கும் சமநிலைக் கருவியில் கோளாறு, தலையை அண்ணாந்தால் உலகமே சுற்றும். பார்த்தால் சரிசெய்யக்கூடிய வியாதி.

கணேஷ் ஓடி வந்தான். மாமி கண்ணைத் திறந்து முதலில் சொன்னது: "திரும்பவும் குளிக்கணும்."

நான் சிரித்துவிட்டேன். பயம் போன சிரிப்பு. பிறகு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"எத்தனை தடவை மாமி?" என்று கேட்டேன்.

"இதோட நாலு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு விழுந்தேளான்னு கேட்டேள். ஆமான்னா இவரை என்கிட்டேர்ந்து பிரிச்சுடுவா. வேற எந்தா சொல்றது?"

இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'விழுந்தீர்களா' என்று நாம் கேட்பது வெறும் தகவலுக்கு. கேட்கப்படுகிறவர் காதில் அது 'வீட்டை விட்டுப் போகிறாயா' என்று விழுகிறது. பொய் சொன்னார் என்று நான் அவர்மேல் கோபப்பட முடியுமா? அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

கணேஷ் என்னைப் பார்த்தான். "இப்போ எழுதலாம் இல்லையா?"

எழுதினேன், அங்கேயே, ஈரச் சேலையோடு உட்கார்ந்து. ஆபத்து குறைவு என்றும் எழுதவில்லை, அதிகம் என்றும் எழுதவில்லை. இவர் காலையில் குளித்த பின், கொடியில் துணி எடுக்க அண்ணாந்து பார்க்கும்போது விழுகிறார், வேறெப்போதும் விழுந்ததாகத் தெரியவில்லை, கொடியை இறக்க வேண்டும், காதைக் காட்ட வேண்டும், மூன்று மாதம் பொறுத்து இதே நேரத்தில் இதே இடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும் என்று எழுதினேன். ஹோமுக்கு இந்தக் கடிதத்தால் பிரயோஜனமில்லை என்று கணேஷுக்கும் தெரியும். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு அப்பாவின் அறைக்குப் போனான். மாமா இடது கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்து காரை வேண்டாம் என்று ஃபோனில் சொன்னான். "மூணு மாசம். அதுக்கு மேல யார் சொன்னாலும் நான் கேக்க மாட்டேன்" என்றான் மாமியிடம்.

கொடியை இறக்குவதுதான் பெரும் பாடாகிப் போனது. "மாமியார் காலத்துலேர்ந்து அங்கதான் இருக்கு" என்று மாமி ஒற்றைக் காலில் நின்றார். பூஜை அறைக்குள் வேறு யார் போகிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார். அப்படியானால் அங்கே நெஞ்சு உயரத்தில் கட்டினால் யார் உரசப் போகிறார்கள்? "மாமி, யாரும் தொடக்கூடாதுங்கறது சட்டமா, உயரமா இருக்கணுங்கறது சட்டமா?"

மாமி யோசித்தார். விடையில் பிசகு இல்லையே என்று பார்க்கிற முகம். "உயரம் நிபந்தனை இல்லை. தொடாததுதான் நிபந்தனை" என்று ஒத்துக்கொண்டு, "நீங்க ஏன் காலேஜ்ல கணக்கு எடுக்கலை?" என்று கேட்டார்.

மறுநாள் கொடி இறங்கியது. காது டாக்டரிடம் போய்வந்தபின் சுற்றலும் அடங்கியது. மூன்று மாதம் கழித்துக் காலையில் போய்ச் சோதித்தேன், இந்த முறை எந்த ரோஷமும் இல்லாமல். கோயம்புத்தூர்ப் பேச்சு அந்த வீட்டில் அதற்குப் பிறகு எழவில்லை. மாமி விழவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோவில் படியில் ஒருமுறை முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கே அவரே எனக்கு ஃபோன் செய்து, எந்தப் படி, எந்தக் கால், எத்தனை மணி என்று ஒழுங்காக ஒப்பித்தார்.

அந்தப் பாதி நின்ற கையைப் பற்றி நானாகவே ஒருநாள் மாமியிடம் சொன்னேன். அம்மாவைப் பற்றியும், மூட்டையைப் பற்றியும், செம்புத் தண்ணீரைப் பற்றியும் சொன்னேன். மாமி சமாதானம் சொல்லவில்லை. "நானும் தெளிச்சிருக்கேன்" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய் இரண்டு சாயா கொண்டுவந்து ஒன்றை என் கையில் கொடுத்தார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், சொல்லிக்கொண்டு வரப் போனேன். சாயங்காலம், நல்ல புழுக்கம். உட்கார்ந்ததுமே மாமா, "வா! வா!" இடது கை மேலே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மண்டியிட்டு விரல் வழியே பார்த்தேன். கூடத்துக்கு ஓடி உத்தரத்தைப் பார்த்தேன். மேரி சேச்சி குளியலறைக்கு ஓடினார். நான் பூஜை அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன், கொடி போட்ட இடத்திலேயே இருந்தது. மாமா இன்னும் பலமாகக் கத்தினார். இந்த முறை எதைத் தவறவிட்டேன்?

மாமி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மாமாவின் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, அத்தனை வருஷமாக என்னை வாங்கோ போங்கோ என்று மட்டுமே பேசியவர், சிரித்துக்கொண்டே சொன்னார்:

"வேர்த்துக் கொட்டறதுடீ அவருக்கு. அந்த ஃபேனைப் போடேன்."

போட்டேன்.